தொலைநோக்கிக்குக் காலும் பெட்டியும்

தொலைநோக்கி வைத்திருப்பவன் சாதுவாக இருப்பான் என்று பலருக்கு ஒரு நம்பிக்கை. நட்சத்திரம் பார்க்கிறவன் யாரை அடிக்கப் போகிறான் என்று நினைக்கிறார்கள். என் நெற்றியில் ஏழு தையல். வலது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. கீழ்வரிசையில் இரண்டு பல் நான் பிறகு கட்டிக்கொண்டவை. எல்லாம் அந்தச் சாதுவான பொழுதுபோக்கில் வந்தவைதான். அடுத்தவருக்கு நான் செய்தது இந்தக் கணக்கில் வராது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராக அங்கே போகத் தைரியம் போதவில்லை. முக்காலியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேக்குப் பக்கத்தில் சாகண் என்ற ஊரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து புனே வந்தேன். கோந்த்வாவில் மூன்றாம் மாடியில் வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி. ஊர் மாறிப் போகிற ஒருவர் தன் தொலைநோக்கிக் குழாயைக் கைமாற்றிவிட்டுப் போனார். நாலடி நீளம், அடியில் ஆறு அங்குலக் கண்ணாடி. குழாய் மட்டும்தான். அதை நிறுத்தி வைக்கக் கால் இல்லை, பிடித்துத் திருப்ப மௌண்ட் இல்லை, தூக்கிப் போகப் பெட்டி இல்லை. குழாய் வாங்கியதும் தொலைநோக்கி வாங்கிவிட்டதாக நினைத்த முதல் முட்டாள் நான் அல்ல என்று எங்கள் வானம் பார்க்கும் கூட்டத்தில் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு முந்தைய முட்டாள்கள் யாரும் தையல் போட்டுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

முதலில் கேம்ப் கடைவீதியில் ஒரு கேமரா கடைக்குப் போய் முக்காலி வாங்கினேன். "கல்யாண வீடியோ கேமராவையே தாங்குது சாப், இது என்ன வெறும் பைப்பு" என்று கடைக்காரர் இந்தியில் சொன்னார். நான் எஞ்சினியர். எந்தக் கனத்தை எது தாங்கும் என்று கணக்குப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கணக்குப் போடாமல் வாங்கினேன்.

முக்காலி நல்லதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நிலாவைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயை விரலால் தட்டவேண்டும். உள்ளே நிலா ஆடும். ஆட்டம் அடங்குகிற வரை மனதுக்குள் எண்ணவேண்டும். மூன்றுக்குள் அடங்கினால் நல்ல கால். அன்று சாயங்காலம் நிலா, ஓடும் பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு மாதிரி நடுங்கியது. நான் நாற்பது வரை எண்ணினேன். நாற்பத்தொன்றில் முக்காலியின் பிளாஸ்டிக் கழுத்து ஒடிந்து, குழாய் நெற்றிக்கு வந்தது.

தையல் போடும்போது என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நெலாவுல என்ன தெரிஞ்சுச்சு?"

"பள்ளம்."

"நெத்தியிலயும் இப்ப ஒண்ணு இருக்கு. அங்க போய் பாக்க வேணாம், கண்ணாடியிலயே பாத்துக்கங்க."

இரண்டாவது காலை நானே செய்தேன். தொழிற்சாலைக் கழிவில் கிடந்த சக்கர ஹப், பேரிங், இரும்புக் குழாய் எல்லாம் சேர்த்துப் பற்றவைத்து, வானம் சுற்றுவதோடு கூடவே சுற்றுகிற வகை மௌண்ட். இதில் குழாய் ஒரு பக்கம் தொங்கும். அது சாயாமலிருக்க மறுபக்கம் ஒரு தண்டில் எதிர் எடை தொங்கும். ஜிம்மில் தூக்குகிற ஏழரைக் கிலோ இரும்புத் தட்டை மாட்டினேன். அந்தத் தண்டின் நுனியில் ஒரு நட்டு போடவேண்டும், எடை வழுக்கினால் அதில் முட்டி நிற்கும். மற்றவர்கள் போட மறந்த நட்டைக் கண்டுபிடித்து அவர்களைத் திட்டுவது தொழிற்சாலையில் என் வேலை. எனக்கு நட்டு எதற்கு?

சனிக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அந்தத் தட்டு வழுக்கிக் கால் கட்டைவிரலில் விழுந்தபோது நான் எழுப்பிய சத்தத்துக்கு எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன. ஒரு மாதம் ஒற்றைச் செருப்போடு வேலைக்குப் போனேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். பாதுகாப்புக் குழு உடனே விசாரணை வைத்து, எந்த மெஷின் என்று கேட்டது. சனிக்கோள் என்று சொல்ல முடியுமா.

மூன்றாவதாகத்தான் சரியான கால் அமைந்தது. கேம்ப் பக்கம் பழைய சாமான் கடையில், நிலம் அளக்கிறவர்கள் கருவியை நிறுத்தி வைக்கிற முக்காலி கிடந்தது. தேக்கு மரக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மண்ணில் குத்தி நிறுத்தக் கூரான இரும்புப் பூண். அதன் தலையில், மேலும் கீழும் இடமும் வலமும் மட்டும் திரும்புகிற சாதாரண மௌண்ட் ஒன்றைப் பலகையில் செய்து மாட்டினேன். எதிர் எடை இல்லை, நட்டு இல்லை, விழுவதற்கு எதுவும் இல்லை. தட்டினால் இரண்டே எண்ணிக்கையில் அடங்கியது. யாராவது இன்று என்னிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: குழாயில் சிக்கனம் பிடியுங்கள், காலில் பிடிக்காதீர்கள். மரக்கால் நல்லது. ஆட்டத்தைக் குடித்துவிடும்.

பிறகு பெட்டி. முதல் வெளியூர்ப் பயணத்தில் குழாயைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனேன். பஸ் கூரையிலிருந்து கிளீனர் அதை வெங்காய மூட்டை மாதிரி கீழே உருட்டிவிட்டான். கண்ணாடியின் ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு போனது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டைவிரல் நசுங்கிய அன்றுகூட இரண்டு தட்டு சாப்பிட்டவன் நான்.

அதே பழைய சாமான் கடைக்காரர் ராணுவப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஐந்தடி நீளம், கனத்த பலகை, மூலைக்கு மூலை இரும்புத் தகடு, இரண்டு முனையிலும் கயிற்றுப் பிடி, கரும்பச்சைப் பெயின்ட்.

"இதுல முன்னால என்ன இருந்துச்சு?"

"உள்ளே இருந்தது வெடிச்சிடுச்சு சாப். பெட்டி நல்லா இருக்கு."

வாங்கிவந்து உள்ளே பஞ்சு வைத்து, மனைவியின் பழைய நூல் சேலையை விரித்துக் குழாயைப் படுக்கவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். தொழிற்சாலை பெயின்டரிடம் கொடுத்து, மூடியின்மேல் சிவப்பில் மண்டையோடும் இரண்டு எலும்பும் வரையச் சொன்னேன். அதன்கீழே மராத்தியில் பெரிய எழுத்தில்: ஆபத்து, கை வைக்காதீர்கள்.

பலன் அபாரமாக இருந்தது. கிளீனர்கள் அந்தப் பெட்டியைக் குழந்தையைப்போல வாங்கி இறக்கினார்கள். ஒரு கண்டக்டர் எழுந்து நின்று பெட்டிக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் நான் இதை ஒரு கண்டுபிடிப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அலுமினியப் பெட்டி, ஸ்பாஞ்சு மடிப்பு, பூட்டு என்று செலவழிப்பார்கள். நான் ஒரு மண்டையோட்டில் முடித்துவிட்டேன்.

இரண்டாயிரத்து நாலு ஜூனில் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போனது. அப்போது உயிரோடிருந்த யாரும் அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை. பட்டப்பகலில், காலை பதினொன்றுக்குச் சற்றுமுன் தொடங்கிச் சாயங்காலம் ஐந்து வரை. மலைப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்ட வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். என் மனைவியின் அண்ணன் அப்போதுதான் வங்கியில் மாற்றலாகி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, கடைப்பையனைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிறவர். தமிழும் வங்கி ஆங்கிலமும் தெரியும். இந்தி, மராத்தி ஒரு வார்த்தை வராது. லீவு போட்டுவிட்டு வந்தார்.

பிரதான சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். வரவில்லை. எனக்குப் பசித்தது. ஐம்பது அடி தள்ளி வடாபாவ் வண்டி ஒன்று இருந்தது.

"மச்சான், இங்கயே பெட்டிகிட்ட இருங்க. யாரையும் தொட விடாதீங்க. கண்ணாடி உள்ள இருக்கு."

"எதும் கேட்டாங்கன்னா என்ன மாப்ளே சொல்றது?"

"'ஹாத் மத் லகாவ்'னு சொல்லுங்க. கை வைக்காதேன்னு அர்த்தம். அது போதும்."

அவர் அதை மூன்று முறை சொல்லிப் பழகினார். முக்காலியை நம்பி விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நான் தோளிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அந்த வருடங்களில், கேட்பாரற்ற பெட்டியைக் கண்டால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று பஸ்ஸுக்கு பஸ் எழுதியிருக்கும். சனங்கள் பயந்துபோயிருந்தார்கள். எங்கள் பெட்டியின்மேல் ஒருவர் கால் வைத்து ஷூ நாடா கட்டப் போனாராம். மச்சான் அவர் காலைத் தள்ளி, "ஹாத் மத் லகாவ்" என்றாராம். அவர் அப்போதுதான் மண்டையோட்டைப் பார்த்திருக்கிறார். உள்ளே என்ன என்று கேட்டார். ஹாத் மத் லகாவ். யார் நீ, எங்கிருந்து வருகிறாய். ஹாத் மத் லகாவ். யார் கொடுத்தனுப்பினார்கள். ஹாத் மத் லகாவ். கூட்டம் சேர்ந்துவிட்டது. இவர் பயத்தில் ஆங்கிலத்தையும் மறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஒரு வாக்கியத்தையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்தது முதல் அடியிலிருந்து. யாரோ செருப்பைக் கழற்றி அவர் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் ஹெல்மெட்டைச் சுழற்றிப் புருவத்தில் போட்டான். அவர் விழுந்தார். விழுந்தும் பெட்டியின் கயிற்றுப் பிடியை விடவில்லை, நான் சொல்லியிருந்தேன் அல்லவா. விடவைக்க அவர் விரல்களை மிதித்தார்கள். விலாவில் உதைத்தார்கள். உதைக்க இடமில்லாமல் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி உதைத்தார்கள். ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது.

"மாப்ளே" என்று கூப்பிட்டார்.

எனக்குக் கேட்டது. என் கையில் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்துப் பாவ் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்த வடை. நான் நகரவில்லை. போய் இந்தியில் நாலு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரியும். அடிக்கிறவர்களை எண்ணினேன். பதினைந்து வரை எண்ணி, விட்டுப்போனதாகத் தோன்றித் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். "மாப்ளே" என்று மறுபடி கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால், பிடிக்க முடியாத சூட்டிலிருந்த வடை கையில் ஆறிப்போகிற நேரம்.

அப்போது இரண்டு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ரோட்டோரத்துச் சாக்கடையை நோக்கி நடந்தார்கள்.

நான் ஓடினேன்.

ஓடின வேகத்தில் முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினேன். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் யார் இருந்தாலும் சரி என்றிருந்தது. கீழே கிடந்த மச்சான்மேல் குனிந்திருந்த ஒருவர் அந்தச் சமயம் கையை உயர்த்தினார். இரும்புப் பூண் அவர் முன்கையில் இறங்கியது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். நான் உடனே முக்காலியின் காலைப் பார்த்தேன். ஆமாம், முதலில் அதைத்தான் பார்த்தேன். நீளவாக்கில் பிளந்திருந்தது. அதன்பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். இல்லாத இடத்தில் ஒரு மடிப்பு விழுந்து தொங்கியது. அவர் கத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் அவர் விற்க வைத்திருந்த செய்தித்தாள்கள் சிதறிக் கிடந்தன.

பிறகு என் முறை. அதை விவரிக்க அதிகமில்லை. முதல் குத்திலேயே பல் இரண்டும் வந்துவிட்டன, மற்றதெல்லாம் உபரி. பெட்டியை வைத்துவிட்டு அந்த இரண்டு பேரும் என்னை அடிக்க வந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒரு போலீஸ்காரர் லத்தியோடு வந்து, பாரபட்சமில்லாமல் எல்லோரையும் அடித்தார். பேப்பர்காரரை யாரோ ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்களையும், எங்களை அடித்தவர்களில் ஓடாத ஏழெட்டுப் பேரையும், பெட்டியையும் பக்கத்தில் சவுக்கி என்கிற புறக்காவல் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார் போலீஸ்காரர். பெட்டியைச் சுமந்தது நானும் மச்சானும்தான். வேறு யாரும் தொட மாட்டோம் என்றார்கள்.

சவுக்கியின் முற்றத்தில் என்னையே மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர் லத்தி நுனியால் சேலையை விலக்கினார்.

"என்ன இது?"

"தூர்பீன், சாஹேப்." மராத்தியில் தொலைநோக்கியை அப்படித்தான் சொல்வார்கள். பல் போன வாயில் அதுவே கஷ்டமாக இருந்தது.

"பிறகு எதற்கு ஆபத்து என்று எழுதினாய்?"

"யாரும் கை வைக்கக் கூடாது என்று."

அவர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் மூடியே போயிருந்தது. "நல்ல ஏற்பாடு" என்றார்.

தூர்பீன் என்பதை நிரூபிக்கச் சொன்னார். நிறுத்திக் காட்டினால்தான் விடுவாராம். முக்காலியின் ஒரு கால் பிளந்திருந்ததால் நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மச்சான் வந்து, மிதிபடாத கையால் முக்காலியின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார். நான் குழாயின் வாயை அட்டையால் மூடி, அதில் போட்ட சின்னத் துளை வழியே சூரியனைப் பிடித்தேன். போலீஸ்காரரின் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வெளிச்சம் வருகிற இடத்துக்கு நேராகப் பிடித்தேன். தாளில் இட்லி அளவு சூரியன் விழுந்தது. அதில் கடுகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி.

போலீஸ்காரர் தாளைத் தட்டிப் பார்த்தார். புள்ளி தாளில் இல்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். அதன்பிறகு வரிசை. எங்களை அடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். ஹெல்மெட்காரன் இரண்டாம் தடவை வரிசையில் நின்றான். மச்சானிடம், "பாய்சாப், ரொம்பப் பட்டுவிட்டதா" என்று இந்தியில் கேட்டான். அவருக்குப் புரியவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. சுக்கிரன் எது, சூரியன் எது என்று இரண்டு பல் இல்லாமல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே" என்றார் மச்சான், தாழ்ந்த குரலில். தமிழ் அங்கே எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

"சொல்லுங்க மச்சான்."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"நாலு." முக்காலியை லேசாக மாற்றிப் பிடித்துக்கொண்டார். "பெட்டியத் தூக்குனாங்க, வந்துட்டீங்க."

இதற்குச் சொல்ல என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று நல்ல ஜோக். மற்ற இரண்டும் பொய்.

"ஆமா மச்சான்."

"அந்தப் பேப்பர்காரரு உங்களுக்கு முன்னாடியே வந்தாரு. எம்மேல கவுந்து படுத்துக்கிட்டு, எனக்கு விழ வேண்டியத அவரு வாங்குனாரு. என்னய யாருன்னே தெரியாது அவருக்கு. அவரு கையத்தான் ஒடிச்சீங்க."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மச்சான் கையை எடுத்தார். கோபமாக இல்லை, வங்கியில் நேரம் முடிந்ததும் கவுன்டரை மூடுகிற மாதிரி, பதறாமல். முக்காலி பிளந்த பக்கமாகச் சாய்ந்தது. குழாய் முற்றத்தில் பாவியிருந்த ஷாஹாபாத் கல்லில் தலைகீழாக இறங்கி, ஒருமுறை துள்ளி, மறுபடி விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கி, குழாய் நெடுக உருண்டு, வாயிலிருந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு துண்டு துண்டாக வெளியே கொட்டியது. வரிசையில் அடுத்து நின்றவர், தான் இன்னும் பார்க்கவில்லையே என்றார்.

நான் முழங்காலில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. எடுத்த துண்டில் என் வாய் தெரிந்தது.

"அத வைங்க" என்றார் மச்சான். "ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தாளு கை என்னாச்சுன்னு பாக்கணும். எனக்கு அவருகிட்ட பேசப் பாஷ தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"ஏன் அடிச்சேன்னு."

போலீஸ்காரர் பெட்டியை எடுத்துப் போகச் சொன்னார், இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்றார். பிறகு வருகிறேன் என்றேன். மச்சான் விலாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். சவுக்கி வாசலில் ஒருமுறை திரும்பி, கல்லில் மினுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். ரோடு வந்ததும் இன்னொரு முறை. அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பதால் நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், மூடாத கண்ணால் ரோட்டைப் பார்த்தபடி, "ரெண்டு தடவ" என்றார்.